விடுப்புக் கடிதத்தில் விழுந்த மச்சினன்

"மச்சினன் ஏணியிலேர்ந்து விழுந்துட்டான்னு எழுதியிருக்கீங்க. சரி, எப்படி விழுந்தான்?" என்று கேட்டார் மேலாளர்.

பார்சல் அலுவலகக் குமாஸ்தாவுக்கு வியர்த்தது. மச்சினன் எங்கே விழுந்தான்? வீட்டு சோபாவில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தான்.

குமாஸ்தாவுக்கு வேண்டியது வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு. அன்றுதான் கட்டுரைப் பயிற்சியின் நிறைவு நாள். சனி வகுப்பு, ஞாயிறு வகுப்பு இரண்டு கூட்டமும் சேர்ந்து வரும். சொந்த அனுபவத்தை எழுதி, நேரில் படித்து, கைதட்டல் வாங்குபவரின் கட்டுரை பத்திரிகையில் வரும். இருபது வருடமாக அடுத்தவர் முகவரியையே எழுதியவருக்குத் தன் பெயரை ஒரே ஒரு தடவை அச்சில் பார்த்துவிட வேண்டும்.

"விவரமா எழுதிட்டு வாங்க" என்று கடிதத்தைத் திருப்பித் தந்தார் மேலாளர்.

அவர் போகும் சனி வகுப்பின் வாத்தியார் சொன்னது ஞாபகம் வந்தது: "விழுந்தான்னு சொல்லாதீங்க. எங்க கண்ணு முன்னாடி விழ வைங்க."

விழ வைத்தார். மழைத் தூறல், மூன்றாவது படி இல்லாத ஏணி, ஆணியில் மாட்டிய சட்டை.

மேலாளர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "அப்போ உங்க மனைவி என்ன பண்ணாங்க?"

கரண்டியும் கையுமாக மனைவி ஓடி வந்தாள், இரண்டாம் பக்கத்தில்.

"அந்தக் கரண்டிய எங்க வெச்சாங்க?"

சந்தேகப்படுகிறார் போலிருக்கிறது என்று பயந்து, மூன்றாம் பக்கத்தில் கரண்டியை மழையில் போட்டார். நான்காம் பக்கத்தில் அவருக்கே அழுகை வந்தது. வகுப்புக்கென்று இத்தனை நாள் எழுதியதில் ஒரு வரிகூட இப்படி அமையவில்லை.

இதற்குள் விஷயம் தெரிந்த டைப்பிஸ்ட் அம்மா, ஆறுதல் சொல்ல வீட்டுக்குப் போன் போட்டுவிட்டார்.

"நல்லா இருக்கற என் தம்பிய விழ வெக்க உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?" என்று மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"டைப்பிஸ்ட் அம்மா பாக்க வராங்களாம். மாமா, எந்தக் காலுக்குக் கட்டு?" என்றான் மச்சினன். அவனுக்கு எழுந்திருக்காமல் இருக்க இன்னொரு காரணம் கிடைத்த சந்தோஷம்.

மறுநாள் நான்கு பக்கத்தையும் படித்த மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உருக்கிட்டீங்க. ஆனா லீவு தர முடியாது. வெள்ளிக்கிழமை நானே லீவு. ஆபீஸ யார் பாத்துக்கறது?"

வெள்ளிக்கிழமை முழுக்க குமாஸ்தா பார்சலுக்கு முத்திரை குத்தினார்.

சனிக்கிழமை வாத்தியாரே போன் செய்தார்.

"ஏன் சார் வரல? ஞாயிறு வகுப்புக்காரர் ஒருத்தர் படிச்சாரு பாருங்க, அந்த ஏணி, மழையில கிடந்த கரண்டி... கூட்டமே அழுதுடுச்சு, பத்திரிகைக்கும் அனுப்பியாச்சு. உங்க ஆபீஸ் மேனேஜராமே, பாவம், அவரோட மச்சினனுக்கு இப்போ கால் எப்படி இருக்கு?"