ரிஜெக்ட் அண்ணாச்சியும் மஞ்சள் இலையும்

பிள்ளைகளே, எதிலும் குறை கண்டுபிடிக்கும் ஆட்களுக்கு ஒரு போட்டி வைத்தால், எங்கள் ரிஜெக்ட் அண்ணாச்சிதான் ஜெயிப்பார். ஜெயித்த கையோடு, கோப்பையில் கீறல் இருக்கிறது என்று திருப்பியும் கொடுத்துவிடுவார்.

ஒரகடத்தில் ஒரு கம்பெனியில், தயாராகி வரும் இரும்புச் சாமான்களைச் சோதித்து, சரியில்லாததை ஒதுக்குவது அவர் வேலை. அந்தப் பழக்கம் ரூமுக்கும் வந்துவிட்டது. மெஸ் இட்லி சரியான வட்டமாக இல்லையென்றால் ரிஜெக்ட். ஹாரன் சத்தம் பிடிக்காமல் சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோக்களை விட்டுவிட்டு, கடைசி ஆட்டோவில் தொங்கிக்கொண்டு வருவார். பௌர்ணமி நிலாவைப் பார்த்தே, "ஓரத்துல லேசா தேஞ்சிருக்குல" என்றவர்.

வடக்குப்பட்டில் அவரும் நானும் செல்வமும் முருகனும் ஒரே அறையில் இருந்தோம். நால்வருமே தெற்கத்திக்காரர்கள். வீட்டுக்கார அக்கா, மகளின் பிரசவத்துக்குப் புறப்படும்போது ஒரு தொட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.

"என் பொண்ணு வெச்ச மணி பிளாண்டுப்பா. நான் வர்றதுக்குள்ள இதுக்கு எதுனா ஆச்சு, நாலு பேரும் வூட்டக் காலி பண்ணிக்கினு போய்கினே இருங்க!"

அன்றிலிருந்து எங்களுக்கு அந்தத் தொட்டி மேலேயே கண். கம்பெனிப் பையன்களுக்கு வேறு அறை கிடைப்பது லேசான காரியமில்லை.

முதல் ஆபத்து செல்வத்தால் வந்தது. பிரியாணி தின்றுவிட்டு வந்தவன், வெற்றிலை என்று நினைத்து ஒரு இலையைக் கிள்ளி மென்றுவிட்டான். நாக்கு அரிக்க, அறை முழுக்கக் குதித்தான்.

"ஏல, கசக்கி மோந்து பாக்க மாட்டியா? வெத்தலைன்னா காரமா மணக்கும். இது தடிப்பா, வழுவழுன்னு, மஞ்சத் தெளிச்சாப்ல இருக்கு. இத வாயில வைக்கலாமால?" என்று கத்திய அண்ணாச்சி, செடியை முழுக்கச் சோதித்த பிறகுதான் அவன் நாக்கைப் பார்த்தார். நீங்களும் வாயில் வைத்துவிடாதீர்கள்.

மறுவாரம் இலைகள் மஞ்சளாயின. அண்ணாச்சி குனிந்து பார்த்தார். "தாகம்ல அதுக்கு" என்று ஒரு செம்பு ஊற்றினார். இன்னும் மஞ்சள். இன்னொரு செம்பு. ஜன்னல் வெயிலுக்குக் குடைகூடப் பிடித்தார். கடைசியில் தொட்டி நாறியது. கொடியைத் தூக்கினால், வேர் கறுத்துக் கொழகொழவென்று கையோடு வந்தது.

"எவம்ல தண்ணி ஊத்துனது?" என்று கத்தினார் அண்ணாச்சி.

"காலை ஷிஃப்ட் போகும்போது நான்," என்றான் செல்வம்.

"மத்தியானம் நான் அண்ணாச்சி," என்றேன்.

"நைட்டு ஷிஃப்டுக்குப் போகையில நானு. நீங்க யாரும் ஊத்தலைன்னுல்லா நெனச்சேன்," என்றான் முருகன்.

மூன்று ஷிஃப்டும் போதாதென்று, ஓவர்டைமில் அண்ணாச்சி வேறு!

"தூக்கிப் போட்டுட்டு வேற ஒண்ணு வச்சிருவோம். அக்காவுக்கு என்ன தெரியப்போவுது?" என்றான் முருகன்.

"அந்தப் பிள்ள வச்சது இதுல்லால? வேற ஒண்ணு எப்பிடில இதாகும்?"

எதையும் ஒதுக்கித் தள்ளுகிற மனிதர், அழுகிய கொடியை மடியில் போட்டுக்கொண்டு நல்ல கணுக்களைத் தேடினார். கணுவுக்குக் கீழே வெட்டி, கணு மட்டும் தண்ணீரில் மூழ்க, இலை மேலே நிற்க, மூன்று பாட்டில்களில் வைத்தார். வெளிச்சம் உண்டு, நேர் வெயில் படாத இடம். எங்களில் யாரும் கிட்டே போகக்கூடாது. கணுவில் வெள்ளை நூலாக வேர் எட்டிப் பார்த்த அன்று, கோணல் இட்லியைப் பேசாமல் தின்றார்.

அக்கா வந்தார். காலித் தொட்டியைப் பார்த்தார். நாங்கள் மூவரும் பின்வாங்கினோம். அண்ணாச்சிதான் முன்னே போனார்.

"அக்கா, தண்ணிய ஊத்தி ஊத்தி நாங்கதான் அழுக வச்சிட்டோம். இது மூணும் அதுலேர்ந்து எடுத்ததுதான். காலி பண்ணச் சொன்னா பண்ணிருதோம்."

அக்கா ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒண்ணு குடுத்தா மூணா ஆக்கி வெச்சுகீறியே! சரி வுடு. பேத்தி பொறந்துகீது. மறுபடி போ சொல்ல, இத்த பொண்ணு வூட்டுக்கு எடுத்துகினு போறேன்."

அவர் பாட்டிலோடு ஷேர் ஆட்டோவில் ஏறிய அன்று, அண்ணாச்சி பின்னாலேயே ஓடினார். "அக்கா, வெயில்ல வச்சிராதீய! மண்ணுக்கு மாத்துனா, வெரல விட்டுப் பாத்து, காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க!"

ஆட்டோ படப்பை போகும் சாலையில் மறைந்த பிறகும் அவர் நகரவில்லை. எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவரைத் தனியே விட்டுப் போக மனமில்லாமல், நானும் பக்கத்தில் நின்றேன்.