கிட்டத்தட்ட ஒரு மாப்பிள்ளை

ஞாயிற்றுக்கிழமை காலை லிஜாவைப் பெண் பார்க்க ஒரே ஒரு மாப்பிள்ளை வர வேண்டும். மூன்று பேர் புறப்பட்டுவிட்டார்கள்.

"ட்ரீசா கொச்சே, யாரு வர்றது? ஜிஜோவா, ஜோஜோவா, ஷிஜோவா?" கேரளத்தில் பாலா என்ற ஊரில் கல்யாணத் தகவல் நிலையம் நடத்தும் ஔசேப்பச்சன் போனில் அலறினார்.

"மூணு பேரும்தான் அச்சாயா. பயப்படாதீங்க, சரி பண்ணிடலாம்."

பயப்படுவது ட்ரீசாவுக்குப் பழக்கமில்லை. நிலையத்தின் டேட்டாபேஸ் அவள் கைவேலை. போன வாரம் வரை அதற்குத் தெரிந்தது ஒரே கேள்விதான்: இரண்டு பெயரும் ஒன்றா, இல்லையா? ஓர் எழுத்து மாறினாலும் வேறு ஆள். அதனால் சிபிச்சன் என்றொரு பையன் மூன்று விதமான எழுத்தில் மூன்று பேராகப் பதிவாகி, தன்னை வேண்டாமென்ற வீட்டுக்கே மறுபடி மறுபடி சிபாரிசானான். பெண்ணின் அம்மா நேரில் வந்து கிழித்துவிட்டுப் போனாள்.

"இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிடலாமா மோளே?"

"எதுக்கு? இதுக்கே 'கிட்டத்தட்ட'ன்னா என்னன்னு கத்துக்கொடுக்கிறேன்."

கற்றுக்கொடுத்தாள். ஓரிரு எழுத்து மாறினாலும் ஒரே ஆள், பதிவுகளைச் சேர்த்துவிடு. சிபிச்சன் ஒருவனானான். கூடவே ஜிஜோவும் ஜோஜோவும் ஷிஜோவும் ஒருவனானார்கள்.

"அப்பா பேரையும் பார்க்கச் சொல்றேன். தானா பிரிஞ்சிடுவாங்க."

அப்பாக்கள் வர்க்கி, வர்கீஸ், கீவர்கீஸ். மூன்றும் ஒரே புனிதரின் பெயர் என்று முந்தின நாள்தான் டேட்டாபேஸுக்குப் பெருமையாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள். அதுவரை சந்தேகத்தோடு சேர்த்தது, இப்போது அடித்துச் சொல்லிச் சேர்த்தது.

சரி, ஒருவரை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு 'வர வேண்டாம்' என்று செய்தி அனுப்பச் சொன்னாள். அதன் கணக்கில் மற்றவர் என்று யாரும் இல்லை. 'வர வேண்டாம்' ஒருவருக்கும் போகவில்லை. அந்த ஒருவருக்கான 'கட்டாயம் வரவும்' மூன்று போனுக்கும் போனது. பதறிப்போய்க் கையால் கூப்பிட்டபோது, மூவரும் வழியில் சர்ச்சுக்குள் நுழைந்து போனை அணைத்திருந்தார்கள்.

அவளும் ஔசேப்பச்சனும் போய்ச் சேர்ந்தபோது லிஜா வீட்டு முற்றத்தில் மூன்று கார்கள் நின்றன. உள்ளே ஒரே சோபாவில் மூன்று வெள்ளைச் சட்டைகள், நடுவில் ஒரு தட்டு அச்சப்பப் பலகாரம். யாரும் கை வைக்கவில்லை. பெண்ணின் அப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடையை மூடிட வேண்டியதுதான்," என்று முனகினார் ஔசேப்பச்சன். "நீ பின்பக்கமா ஓடிடு மோளே."

ட்ரீசா ஓடவில்லை. நடுக்கூடத்தில் நிமிர்ந்து நின்றாள்.

"தப்பு என்னோடது. பேரும் அப்பா பேரும் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்ததால, என் புரோகிராம் மூணு பேரை ஒரே ஆளா சேர்த்திடுச்சு. இவங்க மேல ஒரு குத்தமும் இல்லை. யாரை உட்கார வைக்கணும், யாரை அனுப்பணும்னு நீங்க சொல்லுங்க."

சமையலறைத் திரை விலகியது. தட்டில் ஒரே ஒரு கோப்பைத் தேநீரோடு நின்ற லிஜா, சோபாவை எண்ணிப் பார்த்துவிட்டு உள்பக்கம் திரும்பிக் கத்தினாள்:

"ஒரே பிரசவத்துல பொறந்த நம்ம மூணு பேரும் தனித்தனியா பதிஞ்சும், எனக்கு மட்டும் ஏன் ஆள் வருதுன்னு இப்பத்தான்டி புரியுது! லிஜீ, லினீ, ஆளுக்கொரு டீ எடுத்துட்டு வாங்க!"