எண்ணூறு வயது மரமும் மூன்று ஆணியும்

செத்த மரம் உயிர்த்துவிட்டது!

கமிசாவா ஊரில் மூன்று மாதமாக இதே பேச்சு. மலையில் எண்ணூறு வருஷம் நின்று, பட்டுப்போய், எலும்பாக வெளுத்துக் கிடந்த மரமாம். ரியோகாய் சுவாமி நூறு நாள் மந்திரம் ஓதினாராம். தட்டைச் சட்டிக்குள் அது பச்சைப்பசேலென்று தழைத்துவிட்டதாம். விடுவார்களா? ஊருக்கு வரும் ஒற்றைப் பேருந்தில் நிற்க இடமில்லை. முட்டிவலிக்காரர், மூலக்காரர், பரீட்சையில் தோற்றவர், மாப்பிள்ளை அமையாதவள் என்று ஒரு பட்டாளமே வந்து இறங்கியது.

சுவாமி விற்ற சரக்கு இரண்டு. ஒன்று, சட்டியில் படர்ந்த பாசி. தேநீர்போல் கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டும். மற்றொன்று, ஆயுள். மரத்தின் எண்ணூறு வயதிலிருந்து கிள்ளிக் கொடுப்பார், காணிக்கைக்குத் தக்கபடி. ஒரே ஞாயிற்றுக்கிழமை அவர் கொடுத்த வயதைக் கூட்டினால் மரம் இன்னும் பிறந்தே இருக்காது. கூட்டிப் பார்க்க யாருக்கு நேரம்? வரிசை நகர்ந்துகொண்டிருந்ததே!

ஷிகேனோவுக்கு இதைக் கேட்டு முதலில் சிரிப்புத்தான் வந்தது. போன்சாய் என்னும் சட்டிமரம் வளர்ப்பதுதான் அவள் தொழில். அந்த மலைப் பாறை இடுக்கில் முளைக்கும் சிம்பாக்கு என்ற குட்டைமரத்தின் குச்சியை நட்டு, வேர்விடச் செய்து, செம்புக் கம்பி சுற்றி வளைத்து, நுனி கிள்ளி, இருபத்திரண்டு வருஷம் பாடுபட்டு ஒரு சாண் மரம் ஒன்றை உருவாக்கியிருந்தாள். அதிலும் வலப்பக்கக் கிளை இன்னும் சொன்னபடி கேட்கவில்லை. இந்த ஆளுக்கு நூறு நாளில் பிணமே எழுந்து உட்கார்ந்துவிட்டதாம்!

அவள் அண்ணன் குமாஜிரோ இதயத்துக்கான மாத்திரையை நிறுத்தியபோது சிரிப்பு நின்றது. அவர் தோஃபு என்னும் சோயாக்கட்டி விற்கும் கடை வைத்திருந்தவர். வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"மாத்திரை எங்கண்ணே?"

"வாய்க்கால்ல போட்டுட்டேன்."

"என்னது!"

"கத்தாதே. சுவாமி பத்து வருஷம் குடுத்துட்டாரு. மருந்தும் மரமும் ஒரே ஒடம்புல இருந்தா சண்டை போட்டுக்குமாம்."

"காலைப் பாரு, பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடக்கு!"

"அது புது வயசு உள்ள எறங்குறது. வீங்கத்தான் செய்யுமாம்."

அண்ணி ஃபுசா சோயா மாவு படிந்த கையோடு வந்து நின்றாள். "நானும் சொல்லிப் பாத்துட்டேன் ஷிகேனோ. பொம்பளைக்கு இதெல்லாம் புரியாதாம்."

ஷிகேனோ அன்றே சுவாமியின் இடத்துக்குப் போய், சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே நின்று மரத்தைப் பார்த்தாள். வெளுத்த கட்டையின் ஒரு பக்கத்தில் மண்ணிலிருந்து உச்சிவரை விரல் பருமனில் உயிருள்ள பட்டை ஓடியது. கட்டையோடு சேர்ந்து வளர்ந்ததாக இல்லை; இடுப்பில் கட்டிய வார் மாதிரி தனியாகத் தெரிந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய கட்டையில் பள்ளம் தோண்டி, அதில் இளஞ்செடியைப் பதித்து ஆணியடிக்கும் வித்தை அவளுக்கும் தெரியும். தொழிலில் அதற்குத் 'தனுக்கி' என்று பெயர். உருமாறி ஆளை ஏமாற்றுவதாகக் கதைகளில் வரும் மிருகம் அது. பெயரைச் சொல்லி விற்றால் குற்றமில்லை. இங்கே தனுக்கி சட்டியில் மட்டுமா இருந்தது? காவி கட்டிக்கொண்டு பக்கத்திலும் உட்கார்ந்திருந்தது.

அடுத்த ஞாயிறு வரிசையில் அண்ணன் நின்றார், இன்னும் ஐந்து வருஷம் வாங்க. அவருக்கு முன்னால் ஷிகேனோ நின்றாள். அண்ணி ஊசி பொறுக்க வைத்திருந்த காந்தம், நூலில் கட்டி, அவள் உள்ளங்கையில் இருந்தது.

முறை வந்தது. குனிந்து வணங்கினாள். "சுவாமி, இந்த மரத்துல யாராச்சும் கத்தி கித்தி வச்சிருக்காங்களா?"

ரியோகாய் எழுந்தே விட்டார். "கேளுங்க எல்லாரும்! இது இரும்பே படாத மரம்! இரும்பு பட்ட நிமிஷமே உயிர் போயிடும்!"

"ஆஹா!" என்றது கூட்டம்.

ஷிகேனோ கையை நீட்டி நூலை விட்டாள். காந்தம் ஊசலாடியது, கட்டைப் பக்கம் சாய்ந்தது, 'டக்' என்று ஒட்டிக்கொண்டது. பிடுங்கிக் கீழே கொண்டுபோனாள். மறுபடி 'டக்'. சட்டியோரம் இன்னொரு 'டக்'.

"இரும்பே படாத மரத்துல காந்தம் எதைப் புடிச்சுத் தொங்குது சுவாமி?"

சுவாமி கண் கூட இமைக்கவில்லை. "இடி வாங்கின மரம்மா இது! இடியோட காந்த சக்தி!"

"ஆஹா!" என்றது கூட்டம், அதே சுருதியில்.

ஷிகேனோ ஆணி பிடுங்கும் குறடு ஒன்றை மடியிலிருந்து எடுத்தாள். மரத்தில் பூசியிருந்த மெழுகைச் சுரண்டினாள். ஆணித்தலை பல்லை இளித்தது.

"தொடாதே! கண்ணு அவிஞ்சு போகும்!"

"அவியட்டும். அதுக்குள்ள பாத்துக்கிறேன்."

மூன்று ஆணியும் வந்தன. இளஞ்செடி மொத்தமாகக் கழன்று அவள் கையில் சாய்ந்தது, வேரும் மண்ணுமாக. அதற்கு நாலைந்து வயது இருக்கும். எண்ணூறு வயதுக் கட்டையை ஒற்றைக் கையால் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தாள். அடியில் ரம்பம் அறுத்த தடம். ஒரு வேர் கூட இல்லை.

பொதுக் குளியல்கூடம் நடத்தும் ஹமானோதான் முதலில் வாயைத் திறந்தார். அவர் பார்த்தது கட்டையை அல்ல, புரண்டு கிடந்த பாசியை.

"யோவ்! இதுல என் சுவத்துச் சுண்ணாம்பு ஒட்டியிருக்கே! சாக்கடைப் பக்கம் வாராவாரம் எவனோ பாசியை வழிச்சிட்டுப் போறான்னு பாத்தா..."

பாசித் தேநீர் குடித்தவர்கள் முகம் போன போக்கு! நாலு பேர் வேலியோரம் ஓடினார்கள். சுவாமி பேருந்து நிறுத்தம் பக்கம் நடையைக் கட்டினார். ஹமானோ எட்டி அங்கியைப் பிடித்தார். அங்கி கிழிந்தாலும் ஆள் நழுவ முடியவில்லை; போலீஸ் வரும்வரை பிடிபட்டு நின்றார்.

குமாஜிரோ அசையவில்லை. "ஆனா மொதல்ல எனக்கு மூச்சு நல்லா வந்துச்சே ஷிகேனோ..."

"ரெண்டு வாரமா தோஃபுத் தொட்டி தூக்காம உக்காந்திருந்தே. வராம என்ன செய்யும்? நட, டாக்டர்கிட்ட."

அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது. டாக்டர் திட்டிய திட்டு தெருவரை கேட்டது. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் கஷ்டம் என்றார். பத்தாம் நாள் கால் வீக்கம் வடிந்தது. மாத்திரைதான் வடியவைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மரத்தடியிலிருந்து அவர்கள் கிளம்பும்போது பட்டுக் கிமோனோ கட்டிய ஒரு அம்மாள் ஷிகேனோவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அந்த மூணு ஆணில ஒண்ணு எனக்குக் குடுத்துட்டுப் போறியாம்மா? சாமி மரத்துல இருந்ததாச்சே!"

அடப்பாவமே! கட்டையை யார் தூக்கினாலும் வேர் இல்லாதது தெரிந்திருக்கும். மூன்று மாதமாக அங்கே வந்த அத்தனை பேருக்கும் இரண்டு கை இருந்தது. இரண்டையும் கூப்பிக்கொண்டே நின்றால் எதைத் தூக்கிப் பார்ப்பது?