தட்டு மறைந்த ஆழம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். ஏரியின் நலத்தைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

செயற்கைக்கோள் மேலேயிருந்து ஏரியைப் படம் எடுக்கும் அதே நேரத்தில் கீழே ஒரு ஆள் தண்ணீரை அளந்தால்தான் படம் சொல்வது நிஜமா என்று தெரியும், உதவியாளருக்குக் காய்ச்சல், நீங்கதான் போகணும்ப்பா என்று போனில் சொன்னாய். முப்பத்திரண்டு வருஷம் கடைத் தராசுகளுக்கு முத்திரை குத்தியவன் நான், அளவு என்று வந்தால் மறுப்பேனா? புதன்கிழமை ஒன்பதரைக்கே கரையில் நின்றேன். துணைக்கு உன் மாமா. நான் கூப்பிடவில்லை, அம்மா அனுப்பினாள்.

நீ வீட்டில் வைத்துவிட்டுப் போன பெட்டியிலிருந்த கறுப்பு வெள்ளைத் தட்டைப் படகுக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுல என்ன சார் மீன் மாட்டும்?" என்றார். கயிற்றில் கட்டி இறக்குவோம், எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ அதை வைத்துத் தண்ணீரின் தெளிவைச் சொல்வோம் என்று விளக்கினேன். "கலங்கல்தான் சார். என்னைக் கேட்டிருந்தா கரையிலயே சொல்லியிருப்பேனே" என்றார்.

செயற்கைக்கோள் வருவது பத்து இருபதுக்கு. பத்தேகாலுக்கு உன் மாமா படகில் எழுந்து நின்று தலை சீவ ஆரம்பித்தார். "படத்துல நாமளும் விழுவோம்ல?" படகு ஆடியதில் குறிப்பேடு தண்ணீருக்குள் போய்விட்டது. படகுக்காரர் அதைத் துடுப்பால் மீட்பதற்குள் நான் தட்டை இறக்கிவிட்டேன். எழுபது சென்டிமீட்டரில் மறைந்தது.

"எனக்கு இன்னும் தெரியுது" என்றார் மாமா.

"தெரியாது."

"தெரியுதுங்கறேன். போன மாசம்தானே கண் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்!"

அவர் கணக்கில் ஒரு மீட்டர். "ரெண்டுக்கும் நடுவுல போட்டுருங்க சார்" என்று படகுக்காரர் பஞ்சாயத்துப் பண்ணினார். நான் மசியவில்லை. ஊரே குடிக்கிற தண்ணீர். பாசி படர்கிறதா என்று உன் அறிக்கையை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள் என்றாயே, அதில் போய்ப் பேரமா? எழுபது என்றே எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அன்றிலிருந்து மாமா என்னோடு பேசுவதில்லை. பாட்டில்களில் பிடித்த ஏரித் தண்ணீரை ஃபிரிட்ஜில் வைத்து, அம்மா எடுத்துக் கொட்டிவிடாமல் காவல் காக்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளைக்கு என் அன்பு. குறையில்லாமல் இருங்கள். எழுபதில் அரை சென்டிமீட்டர்கூட மாற்றாதே.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: பாட்டில்களை அனுப்ப உன் பெட்டியை எடுத்தபோதுதான் அடியில் கிடந்த குறிப்புத் தாளைப் பார்த்தேன். 'கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தட்டைப் பார்க்கக் கூடாது' என்று எழுதியிருக்கிறாய். நான் போட்டிருந்தேன். எழுபதை அடித்துவிட்டு ஒரு மீட்டர் என்று எழுதிக்கொள். உன் மாமாவிடம் மட்டும் மூச்சு விடாதே.