மில்லிங் மெஷினுக்கு ஒரு பாவாடை

ருவான்வெல்லை பஜாரில் எத்தனையோ பேருக்கு அளவெடுத்திருக்கிறேன். இரும்புக்குப் பாவாடை தைக்கச் சொல்லி வந்த ஆண்பிள்ளை இந்த உலகத்திலேயே ஒருவராகத்தான் இருக்க முடியும். பக்கத்து ரப்பர் தோட்டத்து ஒர்க்ஷாப்பில் மெஷின் ஓட்டியவர். அவருடைய உண்மைப் பெயர் தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவர் பாவாடை பாஸ்.

அவர் முதலில் வந்தது தொண்ணூற்றாறில். அப்போது கணவர் இறந்து, ஒரு தையல் மெஷினோடு நான் கடையில் உட்கார்ந்திருந்தேன். வாய் திறந்து பேசவே கூச்சம். கிழிசல் தைக்க வந்தவர்களைத் தவிர வேறு யாரும் வரவில்லை. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக ஏஜென்சியில் பதிந்துவிட்டேன். நான்கு வயது மகளை அக்காவிடம் விட்டுவிட்டு அடுத்த மாதம் பயணம்.

"தங்கச்சி, பாவாடை ஒண்ணு தைக்கணும். அகலம் பதினெட்டு இஞ்சி. மடிப்பு நெறய வேணும்."

"யாருக்குண்ணே?"

"நம்ம மில்லிங் மெஷினுக்கு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சிரிக்கவில்லை. அந்த மெஷினின் மேசை, கண்ணாடி போல் தேய்த்த இரும்புப் பாதையில் வழுக்கி ஓடுமாம். வெட்டும்போது பறக்கிற இரும்புச் சீவல் அதில் விழுந்து அடியில் சிக்கினால் பாதை கீறிப்போகும். அதை மூடத்தான் பாவாடை. "இல்லாட்டி அவ வெட்டுற சக்கரப் பல்லெல்லாம் கோணப்பல்லுதான்" என்றார். ஏதோ சொந்தத் தங்கைக்கு வரன் தேடுகிறவர் போல் முகத்தில் அவ்வளவு கவலை.

தார்ப்பாய்த் துணி வாங்கி வரச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ரப்பர் தோட்டத்துல இருந்துக்கிட்டு துணிக்கு அலையிறதா? தொர கேட்டா சிரிப்பாரு." அவர் கொண்டுவந்த ரப்பர் ஷீட்டில் நான்கு ஊசி உடைந்தது. எப்படியோ தைத்துக் கொடுத்தேன்.

பத்தாம் நாள் அதைச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார். மெஷின் எண்ணெய் குடித்து ரப்பர் ஊதியிருந்தது. அதில் சீவலெல்லாம் ஒட்டி, முந்திரிப் பருப்பு தூவிய தொதல் அல்வா மாதிரி இருந்தது.

"தங்கச்சி, நீ சொன்ன துணியையே தைப்போம். இத யாருகிட்டயும் சொல்லாத." அதற்குள் பஜாரே கூடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டாவதைத் தார்ப்பாயில் தைத்தேன். மடிப்பு தொங்கிச் சீவல் தேங்காமலிருக்க, ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் பழைய குடைக் கம்பி வைத்தேன். போட்டுப் பார்க்க என்னை ஒர்க்ஷாப்புக்கே கூட்டிப்போனார். அங்கிருந்தவர்கள் சும்மா விடுவார்களா?

"என்னா பாஸ், பொண்ணுக்குக் கூறப் பொடவையா?"

"எல்லாம் வெளிய போங்கடா. உடுப்பு மாத்துற எடத்துல ஆம்பளைங்களுக்கு என்னா வேல?"

அத்தனை பேரையும் விரட்டிக் கதவைச் சாத்திவிட்டு, தானும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

அடுத்த வாரம் கொழும்பிலிருந்து கம்பெனி இஞ்சினியர் வந்தார். தையல் விட்டால் போட வேண்டும் என்று, ஊசியும் நூலுமாக என்னையும் மெஷின் பக்கத்தில் நிறுத்தியிருந்தார் பாஸ். மேசை அங்கும் இங்கும் ஓடியது. பாவாடை சுருங்கி விரிந்தது. சீவல் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. இஞ்சினியர் அதைத் தூக்கிப் பார்த்தார். பாதையில் அவருடைய முகம் தெரிந்தது.

"மேக்க கவுத மெஹுவே?" யார் தைத்தது என்று சிங்களத்தில் கேட்டார்.

எல்லாரும் பாஸைப் பார்த்தோம். மழை பெய்தாலும் அது தன்னால்தான் என்று சொல்கிற மனுசன் அவர்.

"மம நெவெய் சேர். மே நங்கி." நானில்லை, இந்தத் தங்கச்சி என்று என்னை முன்னால் தள்ளிவிட்டார். என் பங்குக்கும் சேர்த்து அவரே பேசினார். குடைக் கம்பி எந்த மடிப்பில் எப்படி இருக்கிறது என்று காட்டினார். ரப்பரைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

கம்பெனியின் மற்றத் தோட்டங்களுக்கும் தைத்துத் தரும்படி இஞ்சினியர் சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே ஏஜென்சிக்குப் போய், "நான் வரல்ல" என்றேன். அவ்வளவு சத்தமாக நான் பேசியது அதுதான் முதல் தடவை.

குவைத் விசயம் பாஸுக்குத் தெரியாது. மெஷினைக் காப்பாற்றிவிட்ட சந்தோசத்தில் அவர் பஜார் முழுக்க வெற்றிலை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நானும் சொல்லவில்லை. இப்போது கரவனெல்லையில் மகன் வீட்டில் இருக்கிறார். பத்திரிகை தவறாமல் படிப்பாராம்; அதனால்தான் இதைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

என் பிள்ளை என் பக்கத்திலேயே படுத்து வளர்ந்தது உங்களால்தான், அண்ணே.