விரல் நீட்டாத கைடு

செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க எத்தனையோ ராஜாக்கள் படை திரட்டி வந்தார்கள். படையே இல்லாமல், மேல்துண்டில் கொஞ்சம் கொஞ்சமாக முடிந்து அதை வீட்டுக்கே கொண்டுபோனவர் எங்கள் கைடு ஒருவர்தான்.

கோட்டை பார்க்க வருகிறவர்களைச் சுற்றிக் காட்டுவது அவர் தொழில். பெயர் என்று ஏதோ இருந்திருக்கும். யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. யுத்த காலத்தில் நான் பள்ளிக்கூட வாத்தியாராகச் செஞ்சிக்கு வந்து, அவருக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தேன். அவர் வீட்டுக் கொல்லை முழுக்க ஒரே பாறை. துணி உலர்த்தலாம், வடகம் பிழியலாம், விதை மட்டும் போட முடியாது.

அவர் மனைவிக்குப் பிறந்த வீடு தொண்டூர். நல்ல ஏரிப் பாசனம். அவளுடைய அண்ணன் மேல்மலையனூர் அமாவாசைக்குப் போகும்போதெல்லாம் ஒரு கூடை காய்கறியோடு வந்து இறங்குவார். கூடையோடு ஒரு பேச்சும் இறங்கும்.

"பாறையில கொண்டாந்து பொண்ணக் குடுத்துட்டோம். இன்னா பண்றது?"

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே கூடையை வாங்கிக்கொள்வாள். கைடுக்குத்தான் அன்று சோறு இறங்காது. ஒரே ஒரு வேளையாவது தன் கொல்லையில் விளைந்ததை மச்சானுக்குப் போட்டுவிட வேண்டும் என்பது அவர் வைராக்கியம்.

கோட்டை அகழி வற்றியதும், வேலை முடிந்து வரும்போதெல்லாம் துண்டு நிறைய வண்டல் வந்தது. பாறைப் பிளவில் அதைக் கொட்டிச் சுரை விதை ஊன்றினார். தண்ணீருக்கு என்னைப் பிடித்துக்கொண்டார். நான் குளிக்கும் தண்ணீர் சரிந்து அந்தப் பிளவுக்குத்தான் போகிறதாம்.

"வாத்தியாரே, இன்னும் குளிக்கலியா? கொடி வாடிப்போய்க் கெடக்குது!"

"எனக்கு ஜுரம் ஐயா."

"அப்ப வெந்நீர் வெச்சுடாதீங்க. பச்சத் தண்ணியில குளிங்க. கொடிக்குச் சூடு ஆவாது."

கொடி கூரையேறிப் பிஞ்சு விட்டதும் அடுத்த கூத்து ஆரம்பமாயிற்று. பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும் என்பது ஊரறிந்த விஷயம். மற்றவர்கள் விரலை மடக்கிக் காட்டிவிட்டுப் போவார்கள். கைடு, வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் கையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். தன் விரலையே நம்பாமல், எதையும் மோவாயால் காட்டப் பழகினார். அந்தப் பழக்கம் கோட்டைக்கும் போயிற்று. கோட்டையின் மூன்று மலைகளில் ராஜகிரி எது என்று ஒரு வெள்ளைக்காரத் துரை கேட்க, இவர் மோவாயைத் தூக்க, துரை கிருஷ்ணகிரியில் ஏறி வேர்த்து விறுவிறுத்து இறங்கி வந்தார்.

"அங்கேயாவது கையை நீட்டக் கூடாதா?" என்றேன்.

"வேணாம் வாத்தியாரே. அங்க நீட்டுனா ஊட்லயும் நீளும்."

அமாவாசை வந்தது, மச்சானும் வந்தார். "பாறை எப்டி இருக்குது மாப்ள?" என்று கேட்டபடியே கொல்லைக்குப் போனவர் அண்ணாந்து பார்த்தார். கூரைமேல் முழங்கை நீளத்துக்கு ஒரு சுரைக்காய். அவர் பரம்பரை விவசாயி. தன் பிள்ளைகள் பிஞ்சைச் சுட்டினால் கையிலேயே போடுகிறவர். அவரே வாயைப் பிளந்து, விரலை முழுசாக நீட்டி, "அடேங்கப்பா! அதோ பாரு தங்கச்சி!" என்றார்.

"போச்சு! போச்சு!" என்று அலறிக்கொண்டு கைடு அரிவாளோடு கூரையேறினார். மேலிருந்தே மனைவிக்கு உத்தரவு பறந்தது. "காய் அழுகிப்போறதுக்குள்ள கொழம்பு வெச்சுடு!"

மச்சான் சாப்பிட உட்கார்ந்தார். மறுசோறு கேட்டு வாங்கி, இலையை வழித்துவிட்டு, "நம்மூர்க் காயில இந்த ருசி இல்ல தங்கச்சி" என்றார். அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் தெருமுனையில் ஒரு மாட்டு வண்டி திரும்பியது. வண்டி நிறையத் தொண்டூர் ஏரி வண்டல். அதன்மேல் மச்சான். கைடு வாசலுக்கு ஓடிவந்தார். மோவாயை மறந்து, கையை நீட்டி, விரலையும் நீட்டி, தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

"வாத்தியாரே, அதோ பாருங்க, எங்க மச்சான்!"

நான் பட்டணத்துக்கு வந்து எத்தனையோ வருஷமாயிற்று. இன்றும் குளிக்கும்போது ஒரு சொம்பு அதிகமாகவே ஊற்றிக்கொள்கிறேன். அந்தக் கொடி வாடக் கூடாது.