சிவந்த திருநூறு

என் கணவர் கேதீஸ்வரன் நல்லூர்க் கந்தனோடு ஓர் ஒப்பந்தம் செய்தார். என்னைக் கேட்கவில்லை.

நீதிமன்றத்தில் பதிவாளராக இருந்து ஓய்வுபெற்ற மனிசன். ஒப்பந்தம் எழுதுவது அவருக்கு வெற்றிலை போடுவது மாதிரி. எங்கள் மகள் கஜந்தினிக்கு முன்னம் இரண்டு தடவை வயிற்றில் தங்கவில்லை. மூன்றாவது தங்கி, ஏழாம் மாதமும் தொடங்கிவிட்டது என்று தெரிந்த அன்று, இவர் கோயில் வாசலில் நின்று கைகூப்பிச் சத்தமாகச் சொன்னார்:

“பிள்ளை சுகமாய்ப் பிறந்து, நான் கண்ணாலை காணுமட்டும் எங்கடை குடும்பம் மச்சம் மாமிசம் தொடாது. தவறினால் திருவிழாவிலை உன்ரை வீதியைச் சுத்திப் பிரதட்டை.”

பிரதட்டை என்றால் வெறும் மேலோடு மணலில் உருள்வது. குடும்பம் என்றால் அதில் நானும் ஒருத்தி. பக்கத்தில் தேங்காயும் கையுமாக நின்றுகொண்டே நான் மரக்கறிக்காரி ஆனேன்.

மருமகன் சுதாகரன் தாய்லாந்தில், மேகோங் ஆற்றங்கரையில் ஒரு சின்னப் பட்டணத்தில் இங்கிலிஸ் படிப்பிக்கிறார். ஆற்றுக்கு அங்காலை லாவோஸ் மலைகள். பிள்ளைப்பேறு பார்க்க நாங்கள் மானிப்பாயிலிருந்து அங்கே போனோம். என் பெட்டியில் வறுத்த மா, மிளகாய்த்தூள், பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குத்தூள், பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி, இடியப்ப உரல். அவருடைய பெட்டியில் உடுக்கிற சறங்களும், விபூதி வைக்கிற ஒரு சின்னத் திருநூற்றுச் சம்புடமும்.

போய் இறங்கிய மறுநாளே இவருக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. விடிய எழும்பி ஆற்றங்கரையில் நடை. மானிப்பாயில் சந்திக் கடைக்குப் போவதற்கும் சைக்கிள் தேடுகிற மனிசன்.

“சீனி வருத்தத்துக்கு நடக்கச் சொல்லி டாக்குத்தர் சொன்னவரெல்லே, கௌரி.”

“அவர் சொல்லிப் பத்து வருசமாச்சு.”

“இப்பதான் ஆறு கிடைச்சுது.”

நடக்கட்டும் என்று விட்டேன். ஆனால் நடந்துவிட்டு வருகிறவனுக்குப் பசிக்கவேண்டும். இவர் வந்து பிட்டைக் கோழி கொத்துகிற மாதிரிக் கொத்தினார்.

“என்னப்பா, பிட்டு சரியில்லையோ?”

“அருமை.”

“அருமையெண்டால் ஏன் கோப்பையிலை கிடக்குது?”

“வயது போகுது. குறைச்சுத்தான் சாப்பிடவேணும்.”

“வரேக்கை பிளேனிலை என்ரை பாண் துண்டையும் சேர்த்துச் சாப்பிட்டது ஆர்?”

“உயரத்திலை கொஞ்சம் கூடப் பசிக்கும்.”

நான் கன்னியாஸ்திரிமாரிடம் படித்தவள். சைவப் பிள்ளைதான், ஆனால் குற்றவாளியைப் பிடிக்கும் கலையை அவர்களிடமே கற்றேன். துரத்தக்கூடாது. கேட்கக்கூடாது. பேசாமல் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். தானாக வரும்.

வந்தது. ஆனால் அவர் வாயிலிருந்து அல்ல.

ஒருநாள் இவர் குளித்துக்கொண்டிருந்தார். கஜந்தினிக்கு அன்று இடுப்பு நோவு. சுவாமி படத்துக்கு முன்னால் கண்ணை மூடி நின்று அவளுக்காகக் கும்பிட்டேன். மேசையில் இவருடைய சம்புடம் இருந்தது. மூடிய கண் மூடியபடியே விரலைத் தோய்த்து நெற்றி நிறையப் பூசினேன். சிவனுக்கு நெற்றிக்கண் திறந்த கதையைச் சின்ன வயதில் பாடமாக்கியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அனுபவமாக விளங்கியது. வேர்வையோடு அது வலது கண்ணில் இறங்கியபோது மற்றக் கண்ணால் சம்புடத்துக்குள் பார்த்தேன். திருநூறு சிவந்திருந்தது. என் கையால் வறுத்து, மானிப்பாய் மில்லில் அரைப்பித்துக் கொண்டுபோன மிளகாய்த்தூள்.

ஒரு மனிசன் விடியப்புறம் மிளகாய்த்தூளைத் திருநூற்றுச் சம்புடத்தில் ஒளித்துக்கொண்டு போகிறான் என்றால், போகிற இடத்தில் உறைப்பில்லாத சாப்பாடு இருக்கிறது.

முகத்தைக் கழுவினேன். மூடியை மூடினேன்.

“பிள்ளை, இந்த ஊர்ச் சனம் காலைமையிலை என்ன சாப்பிடும்?” என்று மகளிடம் சும்மா கேட்டேன்.

“வியட்நாமிலையிருந்து வந்து குடியேறின ஆக்கள் இஞ்சை கனபேர், அம்மா. அவையின்ரை நூடில்ஸ் சூப்தான் காலைமைச் சாப்பாடு. ஆத்தங்கரையிலை ஒரு கடை இருக்கு. பன்றி போட்டது. ஏன், உங்கடை கண் சிவந்திருக்கு?”

“தூசி.”

அடுத்த நாள் பின்னாலே போனேன். தகரக் கூரை, குட்டை முக்காலிகள், அடுப்பில் ஓர் ஆள் குளிக்கக்கூடிய சட்டி, அதற்கு மூடி. இவர் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கோப்பை வந்தது. வழுவழுத்த மொத்த நூடில்ஸ், வட்டம் வட்டமாகப் பன்றிச் சொசேஜ், விலா எலும்பு, மேலே பொரித்த வெங்காயம். இவர் சம்புடத்தைத் திறந்தார். சூப்பின் மேல் பக்தியோடு தூவினார். பிறகு கண்ணை மூடிக் கும்பிட்டார். கந்தனிடம் தவணை கேட்டிருப்பார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபமும் இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது பயம். நேர்த்திக்கடனில் எனக்குப் பெரிய நம்பிக்கை என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு தடவை வெறுங்கையோடு ஆசுப்பத்திரியால் வந்த பிள்ளையின் தாய் நான். நம்பாததையும் முறிக்கக்கூடாது.

கத்தியிருக்கலாம். கத்தினால் கஜந்தினிக்குத் தெரியவரும். ‘அப்பா நேர்த்தியை முறிச்சுப்போட்டார்’ என்ற எண்ணத்தோடு அவள் பிள்ளை பெறப் போகக்கூடாது. மறித்தால் இவர் வேறு கடை பார்ப்பார். மனிசனை மாற்றுவதைவிடக் கோப்பையை மாற்றுவது சுகம்.

இவர் எழும்பிப் போனதும் உள்ளே போனேன். கடைக்காரிக்கு என் வயதிருக்கும். அவளுக்குத் தமிழும் தெரியாது, இங்கிலிசும் தெரியாது. இவர் இருந்த முக்காலியைக் காட்டினேன். என் தாலிக்கொடியை வெளியே எடுத்துக் காட்டினேன். அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. என் தோளில் தட்டிச் சிரித்தாள். மேசையில் இருந்த சொசேஜைத் தொட்டுத் தலையாட்டி மறுத்தேன். எலும்பைத் தொட்டு மறுத்தேன். கறுப்புக் காளானைக் காட்டி ஆமென்றேன். சோயாக் கட்டியைக் காட்டி ஆமென்றேன். கடைசியாக வாயில் விரலை வைத்தேன். அவளும் வைத்தாள். உலகத்தில் எந்த ஊர்ப் பெண்சாதிக்கும் அந்தச் சைகை விளங்கும்.

சரிபார்க்க எனக்கும் ஒரு கோப்பை போடச் சொன்னேன்.

உண்மையைச் சொல்லவேண்டும். முப்பது வருசத்தில், நான் மா குழைக்காமல், தேங்காய் துருவாமல், எனக்கு முன்னால் வந்து இறங்கிய முதல் காலைச் சாப்பாடு அது. ஆறு மெதுவாகப் போனது. நான் அதைவிட மெதுவாகக் குடித்தேன். வெறும் காளானில் இவ்வளவு ருசியா என்று அதிசயித்தேன். அந்த ஊர்க் காளான் தனிச் சாதி என்று முடிவு கட்டினேன்.

அதன்பிறகு தினமும் இவர் போய்வந்த பின்னால் ‘சந்தைக்கு’ என்று நானும் போனேன். இவர் ஒரு கோப்பை குடித்தார். நான் சில நாட்களில் இரண்டு.

இவர் ஒரு வித்தியாசமும் கண்டதாகத் தெரியவில்லை. எங்கள் தூளுக்கு முன்னால் பன்றியும் ஒன்று, காளானும் ஒன்று. பாவம் செய்கிற மனிசனின் உசாரோடு வீட்டுக்கு வந்தார்.

“ஆத்தங்கரையிலை இண்டைக்கு என்ன மணமப்பா?”

“மீன் மணம்.”

“பொரிச்ச வெங்காய மணமாக்கும் எண்டு நினைச்சன்.”

“உமக்கு மூக்கடைப்பு, கௌரி.”

முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தானாக வரும்.

வந்தது, ஆசுப்பத்திரி விறாந்தையில். கஜந்தினியை உள்ளே கொண்டுபோய் வெகுநேரம். சுதாகரன் உள்ளே நின்றார். கதவு திறந்து திறந்து மூடியது. ஒருவரும் எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. இவர் என் பக்கம் திரும்பினார்.

“கௌரி, நான் ஒரு அநியாயம் செய்துபோட்டன்.”

“என்ன?”

“அந்த ஆத்தங்கரைக் கடையிலை... பன்றி. ஒவ்வொரு நாளும். கந்தனுக்கு தாய்லாந்திலை நியாயாதிக்கம் இல்லையெண்டு நினைச்சன். தண்டனையை எனக்குத் தரட்டும். பிள்ளையிலை காட்டிப்போட்டால் நான் என்ன செய்வன்?”

அந்த நாளுக்கென்று ஒரு பேச்சு வைத்திருந்தேன். நீளமான பேச்சு. மனிசன் சறத் தலைப்பால் கண்ணைத் துடைத்ததைக் கண்டதும் அது எங்கேயோ போய்விட்டது.

“அழாதேங்கோ. நீங்கள் திண்டது காளான்.”

“என்ன?”

“காளானும் சோயாவும். நான்தான் சொல்லி மாத்தினனான்.”

“எப்ப தொடக்கம்?” அழுகையிலும் பதிவாளருக்குத் திகதி வேண்டும்.

“உங்கடை திருநூறு சிவந்ததை நான் கண்ட மூண்டாம் நாள் தொடக்கம்.”

இவருடைய முகத்தில் முதலில் ஆறுதல் வந்தது. பிறகு அவமானம் வந்தது.

“அப்ப நான் களவாய்ச் சாப்பிடுறன் எண்டு ஒளிச்சு ஒளிச்சுப் போனதெல்லாம்...”

“விரதச் சாப்பாட்டுக்கு.”

“எலும்பைக் காணேல்லை எண்டு பார்த்தனான். முடிஞ்சுதாக்கும் எண்டிருந்தன்.”

“முதல் கொஞ்ச நாள் திண்டது அசல் பன்றி. அதுக்கு நல்லூரிலை உருளுங்கோ. மிச்சத்தை நான் காப்பாத்திப்போட்டன். நான் ஒரு சொட்டும் தவறேல்லை.”

கதவு திறந்தது. சுதாகரன் வெளியே வந்து சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றார். பெண் பிள்ளை. தாயும் சுகம். இவர் அந்த இடத்திலேயே நிலத்தில் இருந்துவிட்டார். நான் நின்றேன். ஆராவது நிற்கவேண்டுமே.

அதன்பிறகு வீட்டில் என் ராச்சியம். தேங்காய் துருவுவது அவர், உரல் பிழிவது அவர், பிள்ளையின் துணி தோய்ப்பது அவர். ஏதாவது முணுமுணுத்தால் “காளான்” என்பேன். அடங்கிவிடுவார்.

ஊருக்குக் கொண்டுவரவென்று காய்ந்த காளான் ஒரு பை வாங்கினேன். ஒருக்கால் செய்துபார்ப்போம் என்று மகளின் குசினியில் சூப் வைத்தேன். பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி வந்தது.

“கௌரி, கடையிலை இருந்த ருசி எங்கை?”

“இது பைப்புத் தண்ணி.”

“அதுவும் பைப்புத் தண்ணிதான்.”

எனக்குத் தோற்கப் பிடிக்காது. புறப்படுவதற்கு முதல் நாள் இவரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். காளான் பையைக் கடைக்காரிக்குக் காட்டி, முகத்தைச் சுளித்து, கையை விரித்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டுபோய், அந்தப் பெரிய சட்டியின் மூடியை முதல்முறையாக எனக்குத் திறந்து காட்டினாள்.

சட்டி நிறைய எலும்பு. பன்றிக் கால், பன்றி விலா, கொதித்துக் கொதித்து வெளுத்துப்போய்.

அவளில் பிழையில்லை. மேசையில் இருந்த எல்லாவற்றையும் நான் தொட்டுக் காட்டினேன், சட்டியைக் காட்டவில்லை. எங்கள் குசினியில் மீன் போட்டால்தான் குழம்பில் மீன். ஊருக்கெல்லாம் ஒரே சாறு முதலே கொதித்துக்கொண்டிருக்கும், மற்றதெல்லாம் பிறகு மேலே போடுவது என்று எனக்கு எப்படித் தெரியும்?

இவர் சட்டிக்குள் நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நீர் இஞ்சை வாறனீரோ?”

நான் பதில் சொல்லமுதல், கடைக்காரி என் வழக்கமான முக்காலியைத் தட்டித் துடைத்து, எனக்கு முன்னால் ஒரு கோப்பையை வைத்தாள். பக்கத்தில் என் இரண்டாவதையும் வைத்தாள்.

“நான் ஒண்டும் சொல்லேல்லை, கௌரி.”

“சொல்லாதேங்கோ.”

“சொல்லேல்லை.”

முகத்தைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். நான் படித்த பள்ளிக்கூடத்தில் அவர் படிக்கவேயில்லை.

பேத்தி சுகமாக வளர்கிறாள். கந்தன் பெரியவர், கணக்கை எங்களோடு மட்டும் வைத்துக்கொண்டார். இந்த வருசம் நல்லூர்த் திருவிழாவில் இவர் உருண்டார். பெண்களுக்குப் பிரதட்டை இல்லை, அடியழித்தல். ஒவ்வோர் அடிக்கும் விழுந்து கும்பிட்டு எழும்பவேண்டும். உருளுகிறவன் ஒரேயடியாக உருண்டு முடித்துவிடுவான். இவர் முடித்து, கிணற்றடியில் குளித்து, வேட்டி மாற்றித் திரும்பி வந்தபோது நான் இன்னும் தெற்கு வீதியில் விழுந்துகொண்டிருந்தேன். மணல் சுட்டது. முழங்கால் உரிந்திருந்தது. இவர் எனக்குப் பக்கத்தில் குந்தி, மடியிலிருந்து அந்தச் சம்புடத்தை எடுத்துத் திறந்து நீட்டினார்.

“பயப்பிடாமல் பூசும், கௌரி. இது வெள்ளைதான்.”